பீர் தெரிந்தவர் ஊதிய விசில்

மதுவிலக்கு வந்த பிறகுதான் எங்கள் பக்கத்தில் பீரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். அதற்கு முன்னால் கள் இருந்தது. கள்ளைப் பற்றி யாரும் பேசவில்லை. குடித்துவிட்டு வேறு விஷயங்களைப் பேசினார்கள். புதுக்கோட்டை சமஸ்தானம் மாகாணத்தோடு சேர்ந்த கையோடு கடைகளை மூடிவிட்டார்கள். சில வருஷங்களுக்குள், வாயில் வைத்தே பார்த்திராத ஒரு பானத்தைப் பற்றித் திருமயம் பஸ் ஸ்டாண்டில் ஆளுக்கொரு அபிப்பிராயம் இருந்தது. ஜெர்மன் பீர் கனம், டச்சு பீர் லேசு என்று சைக்கிள் கடைக்காரர் கூடச் சொல்வார். அவர் திருச்சியைத் தாண்டிப் போனதில்லை.

இந்த அபிப்பிராயங்கள் எல்லாம் ஒரே ஆளிடமிருந்து வந்தவை. பினாங்கில் ஒரு கடையில் பல வருஷம் கணக்கு எழுதிவிட்டு ஊர் திரும்பியவர். பெயர் வேண்டாம், மலேயாக்காரர் என்றே எழுதுகிறேன். அப்போது எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். அவரை நான் வெறுத்தேன். இதை எழுதும்போதும் அந்த வெறுப்புக் குறையவில்லை. குறைய வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

காலை வெயில் ஏறியதும் காப்பி கிளப்புக்கு வெளியே கிடக்கும் பெஞ்சில் வந்து உட்காருவார். பட்டு ஜிப்பா, கழுத்தில் கறுப்புக் கயிறு. கயிற்றில் சீமை விசில் ஒன்று தொங்கும். அதை ஜிப்பாவுக்குள் விட்டிருப்பார், சிலர் உருத்திராட்சத்தை விட்டுக்கொள்வதுபோல. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் சுற்றிக் கூடுவார்கள். அவருக்குப் பேச்சு இரண்டே விஷயம்: பினாங்கில் குடித்த பீர், பினாங்கில் பார்த்த ஃபுட்பால்.

"பீர எடுத்ததும் குடிச்சிறக் கூடாதுங்க. மொதல்ல பாக்கணும்," என்பார். "நொர கிளாஸ் ஓரத்துல ஒட்டி நிக்கணும். ஒட்டாம எறங்கிருச்சுன்னா கீழ ஊத்திறலாம். அப்புறம் மூக்கு. அப்புறந்தான் நாக்கு. கசப்பு முன்னால வந்தா மட்டம், பின்னால வந்தா ஒசத்தி."

"பின்னாலன்னா எங்கிட்டுங்க வரும்?" என்று பெஞ்சின் கோடியிலிருந்து யாராவது கேட்பார்கள். கூட்டம் சிரிக்கும். அவரும் சிரிப்பார்.

ஃபுட்பால் பேச்சும் அதே நடைதான். பினாங்கில் அவர் ஒரு டீமுக்கு ரசிகர். அந்த டீம் தோற்ற அன்று ராத்திரி சாப்பிட மாட்டாராம். "இங்க ஆடுறதெல்லாம் ஃபுட்பாலா? வயலுல எறங்குன மாட்ட வெரட்டுற மாதிரியில்ல பந்த வெரட்டுறாங்க!" என்பார். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் அதற்கும் தலையாட்டுவார்கள். அவர்களில் பாதிப் பேருடைய பிள்ளைகள் அப்படிப் பந்தை விரட்டுகிறவர்கள்தான்.

மதுவிலக்கு அவருக்கு நல்ல காவல். பீர் கிடைக்கிற ஊராக இருந்திருந்தால் யாராவது ஒருநாள் ஒரு பாட்டிலை வாங்கிவந்து அவர் முன்னால் வைத்திருப்பார்கள். அவருடைய டீமுக்கும் அதே வசதி. அது ஜெயித்ததா தோற்றதா என்று திருமயத்தில் யாரிடம் போய் விசாரிப்பது? பக்கத்து ஊர் டீமுக்கு ரசிகனாக இருப்பதுதான் கஷ்டம். தோற்றால் மறுநாள் சந்தையில் ஜெயித்த ஊர்க்காரன் முகத்தில் விழிக்க வேண்டும், அவன் தராசில் வைக்கிற கத்தரிக்காயை வாயை மூடிக்கொண்டு வாங்கி வரவேண்டும். நான் அந்த வகை ரசிகன்.

அப்படிச் சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை கிடையாது. அப்போது நான் திருச்சியில் அச்சாகும் ஒரு தினசரிக்குத் திருமயம் வட்டார நிருபர். வெள்ளம், பஸ் கவிழ்வது, மந்திரி வருகை, கோயில் கும்பாபிஷேகம், விளையாட்டு எல்லாம் நான்தான் எழுத வேண்டும். "நிருபருக்கு டீமு கெடையாதுய்யா" என்று அங்கே ஒரு உதவி ஆசிரியர் சொல்லுவார். எனக்கு இருந்தது. எங்கள் ஊர் திருமயத்திலிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரம். எங்கள் ஊர் டீமில் லெஃப்ட் அவுட் ஆடியவன் என் தம்பி.

கோடையில் கோட்டைக்குக் கீழே கண்மாய் வற்றியதும், உள்வாயில் மூங்கில் நட்டுக் கோல் போட்டுச் சுற்றுவட்டார டீம்களுக்குப் பந்தயம் வைப்பார்கள். கமிட்டித் தலைவர் அரிசி ஆலை வைத்திருந்தவர். நல்ல மனிதர், சண்டை பிடிக்காதவர். ஆனால் ஒவ்வொரு வருஷமும் இறுதி ஆட்டம் சண்டையில்தான் முடியும். பள்ளிக்கூட வாத்தியார் யாரையாவது பிடித்து விசிலைக் கொடுப்பார்கள். அவர் எந்தப் பக்கம் ஊதினாலும் அடுத்த பக்கத்துக்காரர்கள் வேட்டியை மடித்துக் கட்டுவார்கள். அதனால் மலேயாக்காரர் தானே ரெஃப்ரியாக இருப்பதாகச் சொன்னதும் தலைவருக்குப் பெரிய நிம்மதி.

"பீருலயே இத்தன வெவரந் தெரிஞ்ச மனுசனுக்குப் பந்து தெரியாமலா போகும்?" என்று என்னிடம் சொன்னார்.

அவர் அதை வேடிக்கையாகச் சொல்லவில்லை. எங்கள் பகுதியில் கப்பலேறிப் போய்வந்தவருக்கு எல்லாம் தெரியும் என்பது பழைய பழக்கம். ரங்கூனிலிருந்து வந்தவரிடம் தேக்குமரத்தைப் பற்றிக் கேட்பார்கள், அது சரி. அவரிடமே பெண்ணுக்கு மாப்பிள்ளை எப்படி என்றும் கேட்பார்கள், பல்வலிக்கு என்ன மருந்து என்றும் கேட்பார்கள். வந்தவரும் தெரியாது என்று சொல்ல மாட்டார். சொன்னால் போய்வந்ததற்கே மதிப்பில்லாமல் போகும்.

அந்த வருஷம் இறுதி ஆட்டம் எங்கள் ஊருக்கும் அரிமளத்துக்கும். அரிமளத்திலிருந்து பஸ்ஸின் கூரை மேலெல்லாம் ஆட்கள் வந்து இறங்கினார்கள். தலைவருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு மதுரைப் பக்கத்து நூல் மில் ஒன்றின் டீம் மேனேஜர் உட்கார்ந்திருந்தார். அந்தக் காலத்தில் மில்களுக்கு டீம் உண்டு. நன்றாக ஆடுகிறவனுக்கு நூற்புப் பிரிவில் வேலை கொடுத்து வைத்துக்கொள்வார்கள். காலையில் மெஷின், சாயங்காலம் மைதானம். எங்கள் அப்பாவுக்கு வானம் பார்த்த நிலம் கொஞ்சமும் சில ஆடுகளும்தான். தம்பி பள்ளிக்கூடத்தை விட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவனுக்கு அந்த மேனேஜரின் கண்ணில் படுவதைத் தவிர வேறு வழி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஆட்டம் முடியப் போகும் நேரம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. இடது ஓரத்தில் பந்து வெளியே போனது. எங்கள் ஆள் எடுத்துத் தலைக்கு மேல் வீசினான். தம்பி அரிமளத்துக்காரர்கள் எல்லோரையும் தாண்டி, கோலுக்குப் பக்கத்தில் தனியாக நின்றிருந்தான். பந்தை நெஞ்சில் வாங்கிக் கீழே விட்டு, வெறுங்காலால் ஓங்கி அடித்தான். மூங்கிலுக்கு உள்ளே போய்விட்டது. எங்கள் ஊர்ச் சனம் துண்டைத் தூக்கி எறிந்தது. அப்போது விசில் கேட்டது.

"ஆஃப்சைடு!" என்றார் மலேயாக்காரர்.

அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் பலபேர் முதன்முதலாகக் கேட்டார்கள். தம்பி ஓடிப்போய் அவர் முழங்கையைப் பிடித்தான்.

"அண்ணே, வெளிய போயி எறிஞ்ச பந்துண்ணே. கோல்தாண்ணே. நீங்களே சொல்லுங்கண்ணே, கோல்தானே?"

அவர் கையை உதறினார். மைதானம் முழுவதும் கேட்கும்படி சொன்னார்: "கைய எடுறா! ஆடு மேய்க்கிற பயலுக்கு ஆஃப்சைடு என்னடா தெரியும்? போடா, போயி ஒன் ஆட்டப் பாரு!"

அரிமளத்துக்காரர்கள் சிரித்தார்கள். அதை நான் பொறுத்துக்கொள்வேன். எங்கள் ஊர்க்காரர்களும் சிரித்தார்கள். யாரோ ஆடு மாதிரிக் கத்தினான். மலேயாக்காரர் தம்பியை வெளியே அனுப்பிவிட்டு ஆட்டத்தை நடத்தினார். ஒரு ஆள் குறைந்த டீமின் மீது அரிமளம் ஒரு கோல் போட்டு ஜெயித்தது.

மில் மேனேஜர் காரில் ஏறும்போது நான் போய்ப் பேசினேன். "காலு நல்ல காலுதான்யா. ஆனா ரெஃப்ரி கையப் புடிக்கிறானே. நாளைக்கு மில்லுல மேஸ்திரி கையப் புடிச்சா நான்ல பதில் சொல்லணும்? அடுத்த வருசம் வாரேன். ஆடட்டும், பாப்போம்," என்றார்.

அடுத்த வருஷம் ஆடுவதற்கும் மலேயாக்காரர் வழி விடவில்லை. பரிசு கொடுத்து முடிந்ததும் கமிட்டியிடம், அந்தப் பயல் எல்லோர் முன்னாலும் தன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டால்தான் இனி மைதானத்தில் இறங்கலாம் என்று சொல்லிவிட்டார். தம்பி மாட்டேன் என்றான். "கோலப் போட்டது நானு. நான் எதுக்குண்ணே விழணும்?" அவனுக்கு அதற்கு மேல் பேசத் தெரியாது. நானும் விழச் சொல்லவில்லை.

அன்றைக்கு நான் அனுப்பிய செய்தியில் ஒரு கோல் 'தவறாக' ரத்து செய்யப்பட்டது என்று எழுதியிருந்தேன். அச்சில் வந்தபோது அந்த ஒரு வார்த்தை இல்லை.

அடுத்த வாரம் புதுக்கோட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு ட்ரில் மாஸ்டரைப் போய்ப் பார்த்து நடந்ததைச் சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "த்ரோ போட்ட பந்துல ஏதுப்பா ஆஃப்சைடு? சட்டத்துலயே கெடையாதே. எந்த மடையன் ஊதுனது?" என்றார். நேராகத் தலைவரின் அரிசி ஆலைக்குப் போனேன்.

தலைவர் பொறுமையாகக் கேட்டார். "ட்ரில் மாஸ்டர் சொல்றது சரியாக்கூட இருக்கலாம். ஆனா அவரு கீரனூரத் தாண்டிப் போயிருக்காரா? இவரு மலேயாவுல கண்ணால பாத்துட்டு வந்தவருங்க," என்றார்.

சட்டத்தைப் பேசிப் பயனில்லை என்று ஆலையைவிட்டு வெளியே வரும்போதே தெரிந்துவிட்டது. மலேயாக்காரர் கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டது பீர். அந்தப் பீரை எடுத்துவிட்டால் விசிலும் கீழே விழும்.

பஸ் ஸ்டாண்டில் சோடாக் கடை வைத்திருந்தவர் ஆவூர்க்காரர், வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். சண்டைக் காலத்தில் பட்டாளத்தில் இருந்து, பர்மா எல்லையில் ரேஷனாகக் கொடுத்த பீரைக் குடித்தவர். திருமயத்தில் பீர் குடித்ததாக நான் நிச்சயமாக நம்பிய ஒரே ஆள் அவர்தான். அவர் அதைப் பற்றிப் பேசுவதில்லை. நான் கேட்டபோதுதான் சொன்னார்: "கழனித் தண்ணில வேப்பங்கொழுந்தக் கசக்கிப் போட்டா எப்படி இருக்கும்? அதான் பீரு. வெள்ளக்காரன் குடுத்தான், குடிச்சோம். ஈச்சங்கள்ளுக்கு முன்னால அதெல்லாம் காலு தூசு பெறாது."

"அத மாதிரி ஒண்ணு செஞ்சு தருவீங்களா? சாராயம் ஒரு சொட்டும் கூடாது. ஆனா பீருன்னு நம்பணும்."

"யாரு நம்பணும்?"

சொன்னேன். அவர் பாட்டில் கழுவுவதை நிறுத்தினார். மலேயாக்காரர் ஒருநாள் நாலு பேர் முன்னால் அவருடைய சோடாவை வாயில் வைத்துவிட்டுத் துப்பி, "இதுல கேஸ் எங்கய்யா இருக்கு, கெணத்துத் தண்ணிய அடைச்சு விக்கிறியா?" என்று கேட்டிருக்கிறார்.

"ஏமாத்துறது பாவந்தான்," என்றார் சோடாக்கடைக்காரர். "ஞாயித்துக்கெழம சாமியார்ட்ட சொல்லிக்கிறேன். நீ போயி பார்லி வாங்கிட்டு வா."

பல நாள் மத்தியானங்களில், கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்தோம். பார்லியை வறுத்துக் கொதிக்கவைத்து வடித்தோம். கசப்புக்கு நிலவேம்பு. நிறத்துக்கு வெல்லத்தைக் கருக்கிய பாகு. நுரை நிற்க, தலைக்குத் தேய்க்கிற பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீர் சில சொட்டு. வயிற்றுக்கு அது என்ன செய்யும் என்று அவர் கேட்டார். பரவாயில்லை என்றேன். கலவையைக் கோலி சோடாப் பாட்டிலில் ஊற்றி கேஸ் அடைப்பார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடிப்பார். "ம்ஹூம், இன்னுங் கசக்கணும். இன்னிக்குப் பாகு கூடிருச்சு." எனக்கும் ஒரு வாய் தருவார். எனக்குக் கஷாயம் மாதிரித்தான் இருந்தது. ஒருநாள் குடித்துவிட்டு, கண்ணைத் திறக்காமலே, "இதாம்ப்பா. அந்த எழவு இதேதான்," என்றார்.

தலைவருக்குத் தெரியாமல் அவர் வீட்டில் எதையும் செய்ய முடியாது. மறுபடியும் ஆலைக்குப் போனேன். "அண்ணே, பார்லித் தண்ணியக் குடிச்சுட்டு ஒருத்தர் பீருன்னு சொன்னா, அவரு சொல்ற ஆஃப்சைட நம்புவீங்களா?" என்று கேட்டேன். தலைவர் நீர்க்கடுப்புக்காரர், டாக்டர் எழுதிக் கொடுத்த பார்லித் தண்ணீரைத் தினமும் குடிக்கிறவர். கணக்குப் புத்தகத்தை மூடி வைத்தார். "பீருன்னு சொல்லிட்டாருன்னா விசில நானே கேட்டு வாங்கிடுறேன். சொல்லலைன்னா ஒந்தம்பி வந்து கால்ல விழுகணும். சம்மதமா?" என்றார். தம்பியைக் கேட்காமலே சம்மதம் என்றேன்.

மறுவருஷம், பந்தயம் தொடங்குவதற்கு முன்தினம் தலைவர் வீட்டில் கமிட்டிக்காரர்களுக்குச் சாப்பாடு உண்டு. இலை எடுத்த பிறகு எல்லோரும் கூடத்தில் பாயில் சாய்ந்திருந்தார்கள். சோடாக்கடைக்காரர் பித்தளைக் கூஜாவோடு வந்து ஓரமாக நின்றார். நான் மலேயாக்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அண்ணே, ஒரு சரக்கு வந்திருக்கு. பட்டாளத்து பெர்மிட்டுல வந்தது. பாட்டில வெளிய காட்ட முடியாது, ஒங்களுக்கே தெரியும். என்ன பீருன்னு எங்க யாருக்கும் சொல்லத் தெரியல."

அவர் வாசல் கதவைப் பார்த்தார். சாத்தியிருந்தது. தலைவரைப் பார்த்தார். தலைவர், "சும்மா ஒரு வாய் பாத்துச் சொல்லுங்க. நாங்களும் தெரிஞ்சுக்கிறோம்," என்றார்.

கண்ணாடி டம்ளரில் ஊற்றினார் சோடாக்கடைக்காரர். நுரை எழுந்து விளிம்பில் ஒட்டி நின்றது. மலேயாக்காரர் டம்ளரை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார். மூக்குக்குக் கொண்டுபோனார். ஒரு வாய் எடுத்து, உடனே விழுங்காமல் வைத்திருந்தார். அவருடைய புருவம் சுருங்கியது. கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். தம்பி இந்தக் கூடத்தில் நெடுஞ்சாண் கிடையாக விழுவதை மனசுக்குள் பார்த்துவிட்டேன். அவர் விழுங்கினார். இன்னொரு வாய் குடித்தார். முகம் மலர்ந்தது.

"டச்சுச் சரக்கு," என்றார். "பினாங்குத் துறைமுகத்துல எறங்கும். நல்ல பீருங்க. வர்ற வழியில கொஞ்சம் வெயில்ல கெடந்திருக்கு, அதான் பாகு வாசன. ஆனா கசப்பப் பாருங்க, பின்னாலதான் வருது."

மீதியையும் குடித்தார்.

தலைவர் சமையல்காரரைக் கூப்பிட்டு, "அந்தப் பார்லி டப்பாவக் கொண்டாங்க," என்றார். டப்பா வந்தது. அதைப் பாயில் வைத்துவிட்டுத் தலைவர் சொன்னார்: "எனக்கு டாக்டர் எழுதிக் குடுத்ததுங்க. நானும் வருசக்கணக்காக் குடிக்கிறேன். ஒருநாளு கூட போத ஏறலையே!"

முதலில் யாருக்கும் புரியவில்லை. நான் என்னென்ன கலந்தோம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். பூந்திக்கொட்டையைக் கடைசியில் சொன்னேன். அப்புறம் சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆயிற்று. ஒருவர் பாயில் புரண்டார். "டச்சுக்காரனுக்கும் நீர்க்கடுப்பா அண்ணே?" என்று இன்னொருவர் கேட்டார்.

மலேயாக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். "பீரும் பார்லிலதானங்க செய்யுறாங்க," என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அந்தச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. பக்கத்தில் இருந்ததால் என் காதில் விழுந்தது. நான் அதை யாருக்கும் எடுத்துச் சொல்லவில்லை.

தலைவர் கையை நீட்டினார். "இந்த வருசம் புதுக்கோட்ட மாஸ்டர் ஊதட்டுங்க. ஒங்களுக்கும் வெயில்ல அலைச்சல் இல்ல." அவர் கயிற்றைக் கழுத்திலிருந்து எடுக்கும்போது அது ஜிப்பாப் பொத்தானில் மாட்டிக்கொண்டது. யாரும் உதவவில்லை. நான் கிட்டத்தில் இருந்து பார்த்தேன். எனக்கு இனித்தது.

அந்த வருஷம் தம்பி ஆடினான். ட்ரில் மாஸ்டர் ஊதினார். அரையிறுதியில் எங்கள் டீம் தோற்றுப்போனது, தம்பி ஒரு கோல் போட்டான், ஒன்றை விட்டான். மில் மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு, ஆடி மாதம் வந்து சேரச் சொல்லிவிட்டுப் போனார். அவன் டிரங்குப் பெட்டியோடு மதுரை பஸ் ஏறிய அன்று அப்பா ஒரு ஆட்டை அடித்தார். ஊர்க்காரர்கள் வந்து சாப்பிட்டார்கள். மைதானத்தில் ஆடு மாதிரிக் கத்தியவன் யார் என்று நான் அதற்குள் கண்டுபிடித்திருந்தேன். அவனுக்கு இலை போடவில்லை.

தம்பிக்கு வேலை கிடைத்ததோடு நான் விட்டிருக்கலாம். விடவில்லை. பத்திரிகையைவிட பஸ் கண்டக்டர்கள் வேகமாகச் செய்தி கொண்டுபோவார்கள் என்பது என் தொழிலில் தெரிந்துகொண்ட விஷயம். புதுக்கோட்டை வண்டியின் கண்டக்டருக்கும் அரிமளம் வண்டியின் கண்டக்டருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்துக் கதையைச் சொன்னேன். அந்த வாரமே மலேயாக்காரருக்குப் 'பார்லி' என்று பெயர் விழுந்துவிட்டது. பஸ்ஸில் ஏறினால், "பார்லிக்கு ஒரு டிக்கெட்டு!" என்பார்கள். காப்பி கிளப்பு பெஞ்சுக்கு வருவதை நிறுத்திவிட்டார். பீரைப் பற்றிய அபிப்பிராயங்களும் அதோடு நின்றன. சைக்கிள் கடைக்காரர் சினிமாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

அறுபதுகளின் தொடக்கத்தில் மில் டீம் பெங்களூருக்கு ஆடப் போனது. தம்பி அப்போது டீமில் பழைய ஆள். நானும் செய்தி எழுதக் கூடப் போனேன். அங்கே மதுவிலக்கு இல்லை. ஆட்டம் முடிந்த மறுநாள், தனியாக ஒரு ஓட்டலில் உட்கார்ந்து ஒரு பீர் கேட்டேன். என்ன கம்பெனி என்று கேட்டான் சர்வர். டச்சு பீர் இருக்கிறதா என்றேன். இல்லை, உள்ளூர்ச் சரக்குதான் என்றான். கொண்டுவரச் சொன்னேன்.

நுரை ஒட்டி நின்றது. ஒரு வாய் குடித்தேன். டம்ளரை வைத்துவிட்டு, மறுபடி எடுத்துக் குடித்தேன். சோடாக்கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு, இதாம்ப்பா என்று சொன்ன அதே தண்ணீர். பாகு வாசனை மட்டும் இல்லை. கசப்பு நாக்கில் பட்டதும் தெரியவில்லை. விழுங்கிய பிறகுதான் தெரிந்தது.

ஆக, அந்த மனிதர் பீர் குடித்திருக்கிறார். குடித்தவருக்கு மட்டுமே ஏமாறத் தெரியும்படியான ஒன்றை நாங்கள் செய்து கொடுத்திருக்கிறோம். குடிக்காத பொய்யனாக இருந்தால் ஒருவேளை கஷாயம் என்று சொல்லித் தப்பியிருப்பார். பாட்டிலைக் காலிசெய்துவிட்டு எழுந்தேன். தம்பியிடம் சொல்லவில்லை, ஊருக்குத் திரும்பி சோடாக்கடைக்காரரிடமும் சொல்லவில்லை. பீர் சுமாரான பானம். அவ்வளவுதான் என் அபிப்பிராயம்.

நான் பெங்களூர் போய்வந்தது எப்படியோ மலேயாக்காரருக்குத் தெரிந்துவிட்டது. ஒருநாள் மத்தியானம் காப்பி கிளப்புக்கு வெளியே நான் உட்கார்ந்திருந்தபோது வந்து முன்னால் நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. ஜிப்பா பருத்தி.

"பெங்களூரு போயிருந்தீங்களாமே."

"ஆமாங்க."

"தம்பி நல்லா ஆடுனாரா?"

"ஆடுனான்."

"பேப்பருல படிச்சேன். நீங்க எழுதுறது எல்லாத்தையும் படிக்கிறேன்." பெஞ்சில் உட்காரலாமா என்று பார்த்தார். நான் நகரவில்லை. நின்றபடியே குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அந்த வருசம் அது கோல்தான். த்ரோவுல ஆஃப்சைடு கெடையாதுன்னு எனக்குப் பின்னாலதான் தெரிஞ்சுது. ரெஃப்ரி ஊதுறத நான் அங்க வெளிய நின்னு பாத்ததோட சரி. ஊருல கேட்டாக, தெரியாதுன்னு சொல்ல முடியல."

"இத அன்னைக்கு மைதானத்துல சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருக்கணும்." எதிரே சோடாக் கடையைப் பார்த்தார். "அது போகட்டும். அங்க கடையெல்லாம் தெறந்திருக்காமே. பீரு... ஒரு வாயாவது பாத்திருப்பீங்கல்ல? எப்படி இருந்துச்சு? நீங்க பத்திரிகக்காரரு. இருக்கிறத இருக்கிறபடி சொல்லுவீங்க."

கடைக்குள்ளே நாலைந்து பேர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். எதிரே சோடாக்கடைக்காரர் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் குடித்ததும் பீரும் ஒன்றுபோலத்தான் என்று நான் சத்தமாக ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லோரும் கேட்பார்கள். அவருக்கும் அது தெரிந்திருந்தது. அதற்காகத்தான் அந்த இடத்தில் வந்து கேட்டார்.

"நான் குடிக்கலைங்க," என்றேன். "எனக்கு அந்தப் பழக்கம் கெடையாது."

அவர் என் முகத்தையே பார்த்தார். நானும் பார்வையை மாற்றவில்லை. நம்பினாரா இல்லையா என்று என்னால் சொல்ல முடியவில்லை. அரிமளம் பஸ் வந்து நின்றதும் போய் ஏறிக்கொண்டார். கண்டக்டர் அவரைப் பார்த்து என்னவோ சொன்னான். உள்ளே சிரிப்புக் கேட்டது. பஸ் தெருமுனை திரும்பும்வரை பார்த்துவிட்டு, அன்றைய செய்தியை எழுத உட்கார்ந்தேன்.